அண்ணன் சீட்டும் தம்பி நெஞ்சும்

மருந்துப் புட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த காகிதப் பட்டைதான் முதலில் கண்முன் வருகிறது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கும் டிரசர் ஐயா ஒரு நீளக் காகிதத்தின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் பல் பல்லாக வெட்டி, பசை தடவிப் புட்டியில் ஒட்டிக் கொடுப்பார். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் இருப்பது ஒரு வேளை மருந்து. எழுத்துத் தெரியாத சனங்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. என் வீட்டுக்காரருக்கு இருமல் என்று நான் வாங்கி வந்த புட்டியில் மட்டும் அந்த ஏற்பாடு பலிக்கவில்லை. ஒரு பல் குறைய வேண்டிய நேரத்தில் இரண்டு பல் குறைந்திருக்கும். அதிமதுரம் சேர்த்த மருந்து, குடிக்க இனிப்பாக இருக்கும். என் கொழுந்தன்தான் ஒரு மடக்கு குடித்திருப்பான். கேட்டால், "நாக்குக்கு நல்லாருக்கு அண்ணி" என்று இளிப்பான். மருந்தைப் போய் ருசி பார்ப்பானா ஒருத்தன் என்று வாய் ஓயத் திட்டுவேன். திட்டு விழுந்த மறுநாளும் அப்படித்தான் குறைந்திருக்கும்.

கூலாய் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் மூன்று பேரும் பால் மரம் வெட்டினோம். நான் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போனபோது அண்ணனும் தம்பியும் மட்டும்தான் இருந்தார்கள். சின்ன வயதில் தாய் தகப்பனோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி இங்கே வந்தவர்கள். வந்த சில வருஷத்திலேயே தாய் தகப்பனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவர்கள். ஊரில் போய் நின்றால் உட்காரச் சொல்ல ஒரு ஆள் கிடையாது. இரண்டு பேருக்கும் ஒரே உயரம், ஒரே மூக்கு, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நடப்பதுகூட ஒரே மாதிரி. கல்யாணமான புதிதில், பால் வாளியோடு வரப்பில் வந்த தம்பியைப் பார்த்து, புருஷன் என்று நினைத்து நான் வெட்கப்பட்டதை அவன் லயத்து வீட்டு வரிசை முழுக்கச் சொல்லிச் சிரித்தான். அவன் சிரித்தால் நான்கு வீடு தள்ளிக் கேட்கும். அண்ணனுக்கு அவ்வளவு குரல் கிடையாது. அந்த வருஷத்து மழைக்குப் பிறகு இருமல் வேறு பிடித்துக்கொண்டு, இருந்த குரலும் போய்விட்டது.

டாக்டரைப் பார்ப்பது என்றால் அந்தக் காலத்தில் என்னவென்று இன்றைக்கு இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். பெரிய டாக்டர் வெள்ளைக்காரர். சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் அவர் ஒருவர்தான். மாதத்தில் இரண்டு நாள் எங்கள் பக்கம் கார் வரும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் போய் உட்கார்ந்தால், வெயில் உச்சிக்கு வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நோயோடு வந்தவர்களுக்குக் காத்திருந்ததில் இடுப்புவலி கூடுதலாக வரும். கடைசியில் உள்ளே கூப்பிட்டால், டாக்டர் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். நாக்கை நீட்டச் சொல்வார், கண் இமையைக் கீழே இழுப்பார், முடிந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, நமக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் டிரசர் ஐயா. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், புதிதாக வந்தவர், நம் முகங்கள் அவருக்கு இன்னும் பழகவில்லை. பேரும் நம்பரும் எழுதிய சீட்டை வைத்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்வார்.

ஒருமுறை எனக்கு அடிவயிற்றில் வலி. நாற்பது பேர் காது கொடுத்துக்கொண்டிருந்த அந்த வாசலில், வெட்கத்தை விட்டுவிட்டு, வலி எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம் இழுக்கிறது, குனிந்து மரம் வெட்டினால் எப்படி இருக்கிறது, என் அம்மாவுக்கும் இதே வலி இருந்தது என்பதுவரை டிரசர் ஐயாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் டாக்டர் பக்கம் திரும்பி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். டாக்டரும் ஒரு வார்த்தை சொன்னார். நான் அவ்வளவு நேரம் சொன்னது முழுவதும் எப்படி ஒரு வார்த்தைக்குள் போனது என்று எனக்கு விளங்கவே இல்லை. "ஐயா, எனக்கு என்னங்க?" என்று கேட்டேன். "மருந்தைக் குடி பிள்ளை, சுகம் வரும்" என்றார். சிவப்பு மருந்து கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரிக்கு முழங்கால் வீக்கம். அவள் புட்டியிலும் அதே சிவப்பு. இரண்டு புட்டியையும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வயிற்றுக்குப் போக வேண்டுமா முழங்காலுக்குப் போக வேண்டுமா என்று அந்த மருந்துக்கு யார் சொல்லுவார்கள் என்று கேட்டுக்கொண்டு சிரித்தோம். சிரித்தோமே தவிர, எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். நமக்கு என்ன நோய் என்று நம்மிடம் சொன்னால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?

அந்த எரிச்சல் இருக்கும்போதுதான் ரப்பர் விலை விழுந்தது. பெரட்டில் ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி வந்து நின்றுகொண்டு, அடுத்த முறை டாக்டர் வரும்போது தோட்டத்தில் உள்ள எல்லோரையும் பார்ப்பார், வேலைக்கு லாயக்கில்லாதவர்களைத் துரை ஊருக்கு அனுப்புவார் என்று படித்தார். என் வீட்டுக்காரர் இருமலை அடக்குவதற்காகத் தலைத்துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றதை நான் பெண்கள் வரிசையிலிருந்து பார்த்தேன். எனக்கு அப்போது ஐந்து மாதம். அவரைக் கப்பலேற்றினால் என்னையும் சேர்த்துத்தான் ஏற்றுவார்கள். நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டால், வயிற்றுப் பிள்ளையோடும் இருமுகிற புருஷனோடும் நான் எந்தப் பக்கம் திரும்பி நடப்பது? எனக்கு அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. நான் இங்கே பிறந்தவள்.

யோசனை கொழுந்தனுடையது. அவன் ஒரு கங்காணியின் ஆள், அண்ணன் வேறொரு கங்காணியின் ஆள். டாக்டர் கங்காணி வாரியாகத்தான் பார்ப்பார். தம்பியின் கூட்டம் காலையில் முதலாவதாகப் போகும், அண்ணனின் கூட்டம் மத்தியானம் கடைசியாக. காலையில் தன் சீட்டோடு ஒருமுறை நிற்பது, சட்டையையும் தலைப்பாகையையும் மாற்றிக்கொண்டு மத்தியானம் அண்ணன் சீட்டோடு இன்னொருமுறை நிற்பது. "மூஞ்சியப் பாத்தாத்தான அண்ணி கண்டுபிடிப்பாங்க, அவரு எங்க மூஞ்சியப் பாக்குறாரு?" என்றான். டாக்டரைப் பற்றி நாங்கள் எத்தனையோ நாளாகப் பேசிச் சலித்த குறை அன்றைக்கு எங்களுக்கு உதவிக்கு வந்தது போல இருந்தது. என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். நான்தான் சரி என்றேன். அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நான்தான் சரி என்றேன்.

காலையில் அவன் போனான், வந்தான். நாக்கு, இமை, கையை மடக்கிக் காட்டு, அவ்வளவுதான். அவன் சீட்டில் நல்ல உடம்பு என்று எழுதி, டிரசர் ஐயா புத்தகத்திலும் பதிந்துகொண்டார். மத்தியானம் அண்ணனுடைய பழுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் நின்றான். கங்காணி அவனைப் பார்த்தார். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆள் குறைந்தால் தன் மதிப்பும் குறையும் என்று நினைத்தாரோ என்னவோ, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பெண்களோடு வராந்தாவில் ஜன்னலுக்கு நேரே நின்றிருந்தேன். டிரசர் ஐயா சீட்டை வாங்கிப் புத்தகத்தைப் புரட்டினார். அங்கேதான் நாங்கள் மூன்று பேரும் யோசிக்காத விஷயம் இருந்தது. என் வீட்டுக்காரர் பேரில் நான் மூன்று முறை இருமல் மருந்து வாங்கியிருக்கிறேன். மூன்றையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்துச் சொன்னதும் டாக்டர் கழுத்தில் தொங்கிய குழாயைக் காதில் மாட்டினார்.

அதற்கு முன் அவர் யாரையும் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னார். முன்பக்கம் குழாயை வைத்தார், முதுகில் வைத்தார், மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். இடது கையை நெஞ்சில் வைத்து அதன்மேல் வலது கை விரலால் தட்டினார். தட்டிவிட்டுக் காது கொடுத்தார். வலது பக்கத்தில் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி தட்டினார். பிறகு தலையைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். ஆனால் அவர் டிரசரிடம் மெதுவாக ஏதோ சொன்னார், இந்த முறை ஒரு வார்த்தை இல்லை, நிறையச் சொன்னார். டிரசர் ஐயா எழுதிக்கொண்டே, "வலப்பக்க நெஞ்சு பழுது. பட்டணத்து ஆஸ்பத்திரியில கிடந்து மருந்து எடுக்கவேணும். நாளைக்கு லோரி வரும், ஏறிப் போ. மருந்தெடுத்தால் சுகம் வரும் எண்டு டாக்டர் சொல்லுறார், உன்னைக் கப்பலுக்கு எழுதயில்லை, பயப்படாதே" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எதிர் லயத்திலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் தட்டியது போலவே சுவரைத் தட்டிக் காட்டினான். "காலையில நல்ல நெஞ்சு, மத்தியானம் கெட்ட நெஞ்சு. இதுக்கு நடுவுல நான் ஒரு சட்டதான் அண்ணி மாத்துனேன்." எங்களுக்கும் சிரிப்பு வந்தது. புத்தகத்தில் இருமல் என்று இருந்ததால் டாக்டர் காதிலும் இருமல் கேட்டிருக்கிறது, இவர்கள் பார்க்கிற லட்சணம் இதுதான் என்று பேசிக்கொண்டோம். ஆனாலும் எனக்குத் தலை சுற்றியது. பொய்யாகப் போய் நின்றவன் நெஞ்சில் உண்மையான நோயாளியின் நோயை எப்படிக் கண்டார்? தவறான ஆளைப் பார்த்துச் சரியான சீட்டு எழுதிவிட்டாரே. கடவுள் கண் திறந்தார் என்று வைத்துக்கொண்டு, சீட்டு யார் பேரில் இருக்கிறதோ அவரே போகட்டும் என்று மறுநாள் என் வீட்டுக்காரரை லோரியில் ஏற்றிவிட்டோம். ஏற்றிவிட்டு வரும்போது கொழுந்தனிடம் ஒருமுறை கேட்டேன், ஒருவேளை உனக்கே ஏதாவது இருந்தால் என்று. "அதே டாக்டர்தான அண்ணி காலையில நல்லாருக்குன்னு எழுதுனாரு" என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு மனமில்லை என்றும் சொல்லலாம்.

என் வீட்டுக்காரருக்குப் பட்டணத்தில் உடம்பு தேறியது. முட்டையும் பாலும் கொடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு லோரியில் போய்ப் பார்ப்பேன். ஒரு ஞாயிறு அவர் நல்ல கலகலப்பாக இருந்தார். இங்கே உள்ள டாக்டர்கள் தன்னை முழுதாகப் பரிசோதித்துவிட்டார்கள் என்றார். நெஞ்சில் பழுது உண்டு, ஆனால் இடது பக்கத்தில். வலது பக்கம் சுத்தமாக இருக்கிறதாம். "தோட்டத்து டாக்டருக்குச் சோத்துக் கை எது பீச்சாங்கை எதுன்னு தெரியல போல" என்று சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். லோரியில் திரும்பி வரும்போதுதான் அந்தச் சிரிப்பு நின்றது. ஜன்னல் வழியாக நான் பார்த்த விரல் வலது பக்கத்தில்தான் தட்டியது. ஒரு தடவை இல்லை, மறுபடி மறுபடி.

வீட்டுக்கு வந்து அவனைப் பார்த்தேன். அடுப்படியில் குந்தி எனக்காகக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தான். எப்போது அவ்வளவு மெலிந்தான்? அண்ணன் இல்லாததால் வீட்டு வேலையும் சேர்த்துப் பார்க்கிறான், அதனால்தான் என்று நான் நினைத்திருந்தேன். இருமல் மருந்துப் புட்டி காலியாகி எத்தனையோ நாளாயிற்று, இன்னும் ஒன்று வாங்கி வரச் சொல்லி அவன் இரண்டு முறை கேட்டதும், இருமுகிறவர் இங்கே இல்லையே உனக்கு எதற்கு என்று நான் அதட்டியதும் அப்போது ஞாபகம் வந்தது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் கொழுந்தன் மெலிந்துகொண்டே போகிறான், நெஞ்சைப் பார்க்க வேண்டும் என்று டிரசர் ஐயாவிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர்தான். புத்தகத்தை எடுத்து விரல் வைத்துத் தேடினார். "இவனைப் பெரிய டாக்டர் பார்த்தவர். நல்ல உடம்பு எண்டு எழுதிக் கிடக்கு. பிறகு என்ன பிள்ளை?" என்றார்.

பதில் என் தொண்டையில் இருந்தது. ஐயா, அன்றைக்கு மத்தியானம் பார்த்ததும் இவனைத்தான் என்று ஒரு வரி சொன்னால் போதும். சொன்னால் ஏமாற்றியவர்கள் என்று மூன்று பேரையும் அடுத்த கப்பலில் ஏற்றுவார்கள். பட்டணத்துக் கட்டிலில் முட்டையும் பாலும் குடித்துத் தேறிக்கொண்டிருக்கிற என் புருஷனை எழுப்பிவிடுவார்கள். எனக்கு அப்போது எட்டு மாதம். டிரசர் ஐயா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரோ டிரசரோ நம் முகத்தைப் பார்ப்பதில்லை என்று அத்தனை நாள் குறைபட்டவள், அன்று பார்த்தவருக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டேன். "ஒண்ணுமில்லீங்க ஐயா, இருமல் மருந்து மட்டும் குடுங்க" என்றேன். புதுப் புட்டி கொடுத்தார். அதை அவனிடம் நீட்டி, முழுவதும் நீயே குடி என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான், இளிக்கவில்லை. "அண்ணன் வரட்டும் அண்ணி. அப்பறம் பாத்துக்கலாம்" என்றான். அவனுக்கு அப்போதே தெரிந்திருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. சில நாள் அப்படியெல்லாம் இல்லை என்றும் படுகிறது.

மகள் பிறந்தாள். அண்ணன் வந்தார், முகத்தில் சதை வைத்து, பழையபடி குரலோடு. வந்த மறுமாதமே தம்பி பால் வெட்டும் இடத்தில் ரத்தம் கக்கி விழுந்தான். அவன் பாயைச் சுருட்டியபோது அடியில் கறை படிந்த துணிகள் துவைத்து மடித்துக் கிடந்தன, பழைய கறைகள். இப்போது மறைக்க எதுவும் இல்லை, பெரிய டாக்டர் வந்தார், குழாயை வைத்தார். வலது பக்கத்தில் தட்டினார். தட்டியவர் கையை எடுக்காமல் அப்படியே சற்று நேரம் வைத்திருந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். டிரசர் ஐயா அதைத் தமிழில் சொல்லவில்லை. குனிந்து புத்தகத்தை மூடினார். டாக்டர் என்னைக் கேட்டது என்ன என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டிருக்கலாம். இந்த நெஞ்சை நான் முன்பே பார்த்திருக்கிறேனே என்று கேட்டிருக்கலாம். பத்து நாளில் அவன் போய்விட்டான். இருபத்திரண்டு வயது.

இதை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வழி தட்டுப்படவில்லை. அண்ணனே நேரில் போய் நின்றிருந்தால் அவருக்கு இருப்பதைக் கண்டிருப்பார்கள். தம்பிக்கு இருப்பது யாருக்குமே தெரியாமல் போயிருக்கும். அப்படியென்றால் நாங்கள் செய்த பொய்யால்தான் அவன் நோய் ஒரு டாக்டர் காதுக்குப் போனது. போய் என்ன பயன், சொன்னதை நாங்கள் எடுத்துக்கொண்டு போய் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டோம். தப்பு டாக்டர் மேலா? காலையிலேயே அந்தக் குழாயை எடுத்து வைத்திருந்தால் என்ன என்று அவர்மேல் கோபம் வரும். கோபம் ஆறுவதற்குள் என் மேலேயே வெறுப்பு வரும். என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். இதைப் பற்றி வாய் திறந்து பேசியது ஒரே ஒரு முறை. "எனக்குப் போட்ட கட்டில் அவனோடது" என்றார். சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

இப்போது நான் தம்போய் என்ற ஊரில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் மூச்சு வாங்குகிறது என்று அவள் என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். சின்ன வயது, நம்ம பெண்தான், நன்றாகத் தமிழ் பேசுகிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்து, நான் சொன்னது அத்தனையும் நிறுத்தாமல் கேட்டது. எனக்கே கூச்சமாகிச் சீக்கிரம் முடித்துக்கொண்டேன். பிறகு ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "வீட்ல யாருக்காவது நெஞ்சு வியாதி, டிபி, அந்த மாதிரி இருந்திருக்காம்மா?" என்று கேட்டது. நான் வாயெடுப்பதற்குள் மகள், "அப்பாவுக்கு இருந்துச்சு டாக்டர். நான் பொறந்தப்ப ஆஸ்பத்திரியிலதான் இருந்தாரு, அப்பறம் சரியாயிடுச்சு" என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டது. வேற யாருக்கும் இல்லை என்று மகளே முடித்தாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், நான் சொல்லி வைத்ததும் அவ்வளவுதான்.

"என் கொழுந்தனுக்கு இருந்துச்சு" என்றேன்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சித்தப்பா விஷக் காய்ச்சலில் போனவர் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன். டாக்டர் பேனாவை நிறுத்தாமல், "அப்படிங்களா? டாக்டர் யாராச்சும் அவரைப் பாத்தாங்களாம்மா, இல்ல சும்மா விட்டுட்டீங்களா?" என்று கேட்டது. அதன்மேல் தப்பில்லை, கேட்க வேண்டிய கேள்விதான்.

"பாத்தாரும்மா" என்றேன். "ஒரே நாள்ல ரெண்டு தரம் பாத்தாரு."